குழந்தையின் தட்டும் பெரியோர் விரதமும்

உணவில் கட்டுப்பாடு என்பது நம் இல்லங்களுக்குப் புதிதன்று. ஊன், மது, தேன் ஆகிய மூன்றையும் நீக்குதல், கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல், அட்டமி, சதுர்த்தசி நாள்களில் ஒருபொழுது இருத்தல், இயன்றவர் கிழங்கு வகைகளை விலக்குதல் என்பன பாட்டியரின் அடுக்களையிலேயே நாம் கற்றவை. 'இதனை உண்ணேன்' என்று ஒருவர் சொன்னால், மேலும் வற்புறுத்தாமல் அச்சொல்லை மதிப்பது நம் வழக்கம். ஆயின் 'இதனை நீ உண்ணாதே' என்று மற்றொருவரிடம், அதிலும் நோயுற்ற ஒரு குழந்தையிடம், நாம் சொல்லும்போது அச்சொல்லுக்கு அதே மதிப்பு உண்டா? தன் தட்டிலிருந்து ஒன்றை நீக்குவதும் பிறர் தட்டிலிருந்து ஒன்றை எடுப்பதும் ஒரே அறம் ஆகுமா?

இவ்வினா வெறும் வாதத்திற்காக எழுப்பப்படுவதன்று. குரோன் நோய் என்னும் குடல் நோய் குழந்தைகளுக்கு வரும்போது, மருத்துவர்கள் பல வேளைகளில் உணவுமுறையையே முதல் மருந்தாகத் தருகின்றனர். ஆறு முதல் எட்டு வாரம் வரை சோறு, இட்டிலி, பழம் எதுவுமின்றி ஒரு சத்துப்பானத்தை மட்டுமே குழந்தை அருந்த வேண்டியிருக்கும். அல்லது, பழகிய உணவுகளில் பெரும்பகுதியை நீக்கிய ஒரு பட்டியலின்படி உண்ண வேண்டியிருக்கும். அப்பட்டியலில் நம் குலம் தொடாத பொருள்களும் உள்ளன. இந்நோய் நம் நாட்டிலும் முன்னைவிட மிகுதியாகக் கண்டறியப்பட்டு வருகிறது. நம் குடும்பங்களுள் ஒன்றுக்கு இது நேருமாயின், மருத்துவ வினாவோடு அறவினாவும் சேர்ந்தே வந்து நிற்கும். அந்நாளில் பதறாமல் இருக்க இன்றே சிந்தித்தல் நன்று.

நோயின் இயல்பு

1932-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஒப்பன்ஹைமர் ஆகிய மூவர், சிறுகுடலின் கடைப்பகுதியில் தோன்றும் ஓர் அழற்சியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் முதல்வரின் பெயரே நோய்க்கு வழங்கலாயிற்று. அதற்கு முன்னரே, 1913-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் கென்னடி டால்சீல் இதனை ஒத்த நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்.

இந்நோய் வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எவ்விடத்திலும் தோன்றலாம். ஓரிடம் புண்ணாகியிருக்க, அடுத்த இடம் நலமாக இருக்கும். அதற்கப்பால் மீண்டும் புண் காணப்படும். புண் குடற்சுவரின் மேற்பரப்போடு நில்லாமல் ஆழ ஊடுருவுவதால், குடல் சுருங்கி அடைபடுதலும் புரையோடுதலும் நேரலாம். மரபுக்கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உடலின் காப்பாற்றல் நிலைதடுமாறித் தன் குடலையே தாக்குதல், சூழல் ஆகிய பல சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன. எனவே தாய் ஊட்டிய ஏதோ ஓர் உணவால் வந்தது என்று அவளைக் குறைகூற இடமில்லை.

வயிற்றுவலி, கழிச்சல், காய்ச்சல், எடை குறைதல் என்பன பொதுவான அறிகுறிகள். குழந்தைகளிடத்தில் இன்னொன்று உண்டு. வேறு குறி எதுவும் வெளிப்படாமல், வளர்ச்சி மட்டும் நின்றுவிடலாம்; பருவமடைதல் தள்ளிப்போகலாம். ஆசிரியப் பயிற்சியில், மாணவர்தம் உயரத்தையும் எடையையும் ஆண்டுதோறும் குறித்துவைக்க நமக்குக் கற்பித்தனர். காலை வழிபாட்டில் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்பார்கள். பின்வரிசையில் நின்ற ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஆண்டு முன்வரிசை நோக்கி வந்துகொண்டேயிருந்தால், அவன் குட்டையாகவில்லை, மற்றவர் வளர அவன் மட்டும் வளரவில்லை என்பதே பொருள். 'நம் குடும்பமே குள்ளம்' என்று சொல்லித் தள்ளிவிடாமல், அத்தகைய பிள்ளையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நம் நாட்டில் குடற்காசநோயும் ஏறத்தாழ இதே தோற்றத்தில் வருவதால், எண்டோஸ்கோபி, திசு ஆய்வு முதலியவற்றால் இரண்டையும் பிரித்தறிந்த பின்னரே மருத்துவம் தொடங்கும். ஒன்றன் மருந்து மற்றொன்றிற்குக் கேடாக முடியலாம்.

உணவே மருந்தான வரலாறு

அறுவை மருத்துவத்திற்கு முன் நலிந்த நோயாளிகளைத் தேற்றுவதற்காகச் செரிமானத்திற்கு எளிய நீர்ம உணவு கொடுக்கப்பட்டபோது, நோயே அடங்கியதை மருத்துவர்கள் கண்டனர். 1984-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, நோய் முனைப்பாக இருக்கும்போது இத்தகைய உணவு ஸ்டீராய்டு மருந்துக்கு நிகராகப் பயன்பட்டதைக் காட்டியது. 1987-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர்கள் குழந்தைகளிடம் இதே ஒப்பீட்டைச் செய்தனர். நோய் அடங்கியதோடு, உணவுமுறையில் இருந்த குழந்தைகள் நன்கு உயரமும் வளர்ந்தனர். வளரும் பிள்ளைக்கு இது பெரிய செய்தி. ஸ்டீராய்டு நோயை விரைந்து அடக்கும். ஆயினும் முகத்தை உப்பச் செய்யும், எலும்பை நலிவிக்கும், வளர்ச்சியைத் தடுக்கும்.

2006-ஆம் ஆண்டில் இத்தாலியில் 37 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு மேலும் தெளிவானது. பத்து வாரங்களில், சத்துப்பானம் மட்டுமே அருந்திய 19 குழந்தைகளுள் 15 பேருக்கு நோய் அடங்கியது. ஸ்டீராய்டு பெற்ற 18 பேருள் 12 பேருக்கு அடங்கியது. இவ்வளவில் பெரிய வேறுபாடு இல்லை எனலாம். ஆனால் குடலின் உட்புறத்தை நோக்கியபோது, சத்துப்பானக் குழுவில் 14 பேருக்குப் புண் ஆறியிருந்தது. ஸ்டீராய்டு குழுவில் 6 பேருக்கே ஆறியிருந்தது. 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல், குடற்பகுதியில் முனைப்பான நோயுள்ள குழந்தைகளுக்கு இவ்வுணவுமுறையை முதல் மருத்துவமாகப் பரிந்துரைத்தது. பின்னர் வந்த திருத்தமும் அதனைப் போற்றியது.

முறை இதுவே. பால் புரதம் முதலிய எல்லாச் சத்துகளும் அளவாகக் கலந்த சத்துப்பானத்தை, ஆறு முதல் எட்டு வாரம், நாள்தோறும் குறித்த அளவில் குழந்தை அருந்த வேண்டும். தண்ணீர் தவிர வேறு உணவு பொதுவாக இல்லை. குடிக்க இயலாத குழந்தைக்கு மூக்கு வழியே மெல்லிய குழாய் செலுத்தி, பல வேளைகளில் இரவு முழுவதும் சிறுகச் சிறுக ஏற்றுவர். காலம் முடிந்தபின் வழக்கமான உணவு படிப்படியாகத் திரும்பும். இதனை உண்ணாநோன்பு என்று எவரும் மயங்கலாகாது. குழந்தைக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும், சிலபோது அதற்கு மேலும், இதில் கொடுக்கப்படுகிறது. வீட்டிலேயே கஞ்சியும் பாலும் கொடுத்து 'அதுவும் இதுவும் ஒன்றுதானே' என்று எண்ணுதல், ஏற்கெனவே மெலிந்த குழந்தையை மேலும் மெலிவிக்கும்.

இது விரதமாகுமா?

இப்போது நம் வினாவுக்கு வருவோம். நெய், பால், தயிர், சர்க்கரை, எண்ணெய், உப்பு ஆகிய சுவைகளைத் துறத்தல் புறத்தவம் ஆறனுள் ஒன்று. குழந்தை எட்டு வாரம் எல்லாச் சுவையையும் விட்டிருக்கிறது. அடுத்த அறையில் தாளிக்கும் மணம் வருகிறது; அது தன் குவளையோடு அமர்ந்திருக்கிறது. பார்ப்போர் 'இச்சிறு வயதிலேயே எத்தகைய தவம்!' என்று வியக்கக்கூடும். அவ்வியப்பில் அன்பு உண்டு. ஆனால் அது பொருந்துமா?

சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச் செப்பும் நம்மவர் பயிலும் நூல்கள். உடலுக்குக் கேடானதை விடுவதும் உயர்ந்தோர் தொடாததை விடுவதும் வேண்டுவதே என்று கூறும் சமந்தபத்திரர், துய்ப்பதற்குத் தகுந்த பொருளினின்றும் மனம் உவந்து, கருதித் துணிந்து விலகுவதே விரதம் என்று வரையறுக்கின்றார். இவ்வரையறையின் உயிர் 'கருதித் துணிதல்' என்பதில் இருக்கிறது. துணிவு தன்னுடையதாக இருத்தல் வேண்டும். பிறர் துணிய, தான் இழப்பது விரதம் ஆகாது. அது இழப்பு மட்டுமே.

ஆதலின் நோயுற்ற குழந்தையின் உணவுக் கட்டுப்பாட்டிற்கு விரதத்தின் பெருமையை நாம் சூட்டலாகாது. சூட்டினால் மூன்று தீங்குகள் விளையும். முதலாவது, குழந்தை ஒருநாள் தாங்காமல் ஒரு முறுக்கை எடுத்துத் தின்றுவிட்டால், அது மருந்து தவறிய செய்தியாக இராமல் பாவச் செய்தியாகிவிடும். குழந்தை அதனை மறைக்கும். மருத்துவருக்கு உண்மை எட்டாது. இரண்டாவது, துன்பம் நீளுந்தோறும் புண்ணியம் பெருகுவதாகப் பெரியோர் எண்ணத் தலைப்பட்டால், எப்போது நிறுத்துவது என்ற கேள்வி எழாமலே போகும். மருந்துக்கு அளவு உண்டு, காலம் உண்டு, பயன் தரவில்லையெனில் மாற்றம் உண்டு. மூன்றாவது, அக்குழந்தை வளர்ந்து, தானே ஒரு விரதம் ஏற்க விரும்பும் நாளில், உணவை விடுதல் என்றாலே மூக்குக் குழாயும் தனிமையும்தான் நினைவுக்கு வரும்.

அப்படியாயின் இதற்கு என்ன பெயர்? நம் மரபிலேயே பெயர் இருக்கிறது. உணவளித்தல், மருந்தளித்தல், நூலறிவளித்தல், அச்சம் நீக்கல் என்று தானம் நான்கு. உணவுத் தானமும் மருந்துத் தானமும் ஈண்டு ஒன்றாகியுள்ளன. குழந்தை ஏற்பவர், நாம் அளிப்பவர். அளிப்பவரே கடமைக்கு உட்பட்டவர். தவம் செய்யும் பொறுப்பைக் குழந்தையின்மேல் வைக்காமல், தானம் செய்யும் பொறுப்பை நம்மேல் வைத்துக்கொள்வதே நேரிது.

சமந்தபத்திரர் கதை காட்டுவது

அச்சமந்தபத்திரரைப் பற்றியே மரபில் ஒரு கதை வழங்குகிறது. துறவு பூண்டிருந்த காலத்தில், எவ்வளவு உண்டாலும் பசி தணியாத பஸ்மக நோய் அவரைப் பற்றியது. துறவியின் அளவான உணவால் அது தீராது. எனவே சல்லேகனை நோற்று உடலை நீக்க இசைவு தருமாறு குருவை வேண்டினார். குருவோ இசையவில்லை. துறவுக் கோலத்தை நீக்கி, வேண்டுமளவு நல்லுணவு உண்டு நோயைத் தீர்த்துக்கொண்டு, பின்னர் மீண்டும் தீட்சை பெறுமாறு பணித்தார். காஞ்சியில் என்றும் காசியில் என்றும் இடத்தை வேறுவேறாகச் சொல்வர். கோயில் நைவேத்தியத்தை உண்டு அவர் நோய் நீங்கினார் என்பதில் கதைகள் ஒன்றுபடுகின்றன.

தானே மனமுவந்து ஏற்ற மாபெரும் விரதத்தையே, உணவால் தீரும் நோய்க்காக ஒருவர் நிறுத்தி வைக்கவும், பின் தொடரவும் நம் மரபு இடம் தந்திருக்கிறது. அவ்வாறாயின் விரதம் எதுவும் ஏற்காத ஒரு குழந்தைக்கு, வீட்டுப் பெரியோரின் நியமங்கள் தடையாகலாமோ? இரவில் குழாய் வழியே சத்துப்பானம் ஏறுகிறது. 'பொழுது சாய்ந்தபின் நம் வீட்டில் உணவு இல்லையே' என்று பாட்டி கலங்கலாம். கலக்கம் இயல்பே, அதனைக் குழந்தையின் காதில் போடுவதுதான் தகாது. பாட்டி தம் நியமத்தைத் தம் அளவில் காக்கட்டும். குழந்தையின் இரவு மருந்துக்கு உரியது. வேகவைத்த உருளைக்கிழங்கு மருத்துவர் பட்டியலில் இருக்குமாயின், அதற்கும் இதுவே விடை.

குழந்தையின் இசைவு

விரதத்திற்குத் துணிவு வேண்டும் என்றால், மருந்துக்கு இசைவு வேண்டாமா என்று கேட்கலாம். ஏழு வயதுக் குழந்தைக்கு முழுமையாகத் தெரிந்து துணியும் ஆற்றல் இல்லை. அதற்காகப் பெற்றோர் துணிந்தாக வேண்டும். அது அவர்தம் கடமை. எனினும் துணியும் ஆற்றல் இல்லாமைக்கும் அறியும் உரிமை இல்லாமைக்கும் வேற்றுமை உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கும்போது, நோயாளியையே முதலில் வைத்திருக்கிறது. நோயாளி சிறுவர் என்பதால் அம்முதலிடம் பறிபோய்விடாது.

வகுப்பறையில் நெடுங்காலம் இருந்த நாம் அறிந்தது ஒன்று. பிள்ளைகள் கடினமான வேலையை மறுப்பதில்லை. முடிவு தெரியாத வேலையையே மறுக்கின்றனர். 'இந்தக் கணக்குகள் பத்து' என்று கரும்பலகையில் எழுதினால் செய்வார்கள். 'போடு, போட்டுக்கொண்டேயிரு' என்றால் மூன்றாவது கணக்கிலேயே சோர்வார்கள். ஆகவே வாரங்களின் எண்ணிக்கையை நாட்காட்டியில் எழுதிக் காட்டுக. குடலில் புண் இருப்பதையும், அது ஆறுவதற்கே இம்முறை என்பதையும் படம் வரைந்து சொல்லுக. குழாயா, குடித்தலா, எந்தச் சுவை, எந்த நேரம் என்பனவற்றைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். 'இன்னும் இரண்டே நாள்' என்று பொய் சொல்லித் தேற்றற்க. வாய்மையும் ஓர் அணுவிரதமே. குழந்தையிடம் சொல்லும் பொய்க்கு அதில் விலக்கு இல்லை. ஒரு குழந்தையால் இது தாங்கவே முடியவில்லை என்றால், அதனைத் தோல்வியாகக் கருதாமல் மருத்துவரிடம் சொல்லி வேறு வழி நாடுதல் வேண்டும்.

கோழியும் முட்டையும்

அவ்வேறு வழிகளுள் ஒன்றே நமக்கு இடர்ப்பாடானது. இஸ்ரேல் நாட்டு மருத்துவர் ஏரி லெவினும் அவர்தம் குழுவினரும், சில உணவுகளை நீக்கிச் சில உணவுகளைக் கட்டாயமாக்கும் ஒரு முறையை வகுத்தனர். 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வில், இஸ்ரேலிலும் கனடாவிலும் 74 குழந்தைகள் இடம்பெற்றனர். இவ்வுணவோடு ஓரளவு சத்துப்பானமும் பெற்றவருள் 97.5 விழுக்காட்டினர் முறையைத் தாங்கினர். சத்துப்பானம் மட்டுமே பெற்றவருள் 73.6 விழுக்காட்டினரே தாங்கினர். ஆறாம் வார முடிவில், ஸ்டீராய்டு இன்றியே நோய் அடங்கியவர் முறையே 75 விழுக்காடும் 59 விழுக்காடும் ஆவர். இவ்வேறுபாடு உறுதியானதாகக் கொள்ளத்தக்க அளவில் இல்லை. சத்துப்பானக் குழுவினர் வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திரும்பிய பன்னிரண்டாம் வாரத்தில் இது 75.6 என்றும் 45.1 என்றும் ஆகி, வேறுபாடு தெளிவாயிற்று. மென்று உண்ணும் உணவு இருப்பதால் குழந்தைக்கு இது எளிது என்பது வெளிப்படை.

ஆனால் அதன் முதற்கட்டத்தில் நாள்தோறும் உண்ண வேண்டியவை கோழி நெஞ்சிறைச்சி, முட்டை, வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் என்பன. வீட்டுப் பாலும் கோதுமையும் பருப்பும் அக்கட்டத்தில் இல்லை. நம் வீட்டுத் தட்டில் உள்ளவை நீங்கி, நம் வீட்டுத் தட்டில் இல்லாதவை புகுகின்றன. என் செய்வது?

இங்கே நம் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உருளைக்கிழங்கு நியமத்தைச் சார்ந்தது. குழந்தைக்காக அது தளரலாம் என்பதை முன்னரே கூறினோம். கோழியோ உண்பதற்கென்றே கருதிக் கொல்லப்படும் உயிர். இதனைச் சங்கற்ப இம்சை என்று நம் நூல்கள் தனியே பிரித்துள்ளன. ஊனுணவு கட்டாயமில்லாத வேறு வழி இல்லையென்றால் நம் நிலை மிகக் கடினமாகியிருக்கும். ஆனால் வழி இருக்கிறது. பால் புரதச் சத்துப்பானம் ஊனின்றியே அமைவது. நெடுநாள் ஆய்வால் நிலைபெற்றது. சிலவகைகளில் மீனெண்ணெய் போன்றவை சேர்வதால், பொதியின் மேலுள்ள பட்டியலையும் பச்சைப் புள்ளியையும் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டு, உரியதைத் தேர்ந்துகொள்ளலாம். எனவே ஊனை மறுக்கும் உரிமை குடும்பத்திற்கு உண்டு. ஆயின் அவ்வுரிமை ஒரு கடனோடு சேர்ந்தே வருகிறது. ஒன்றை மறுத்தவர், மற்றொன்றைக் காலம் தாழ்த்தாமல் முழுமையாக மேற்கொள்ள வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு, 'நம் ஆகாரமே சாத்துவிகம். அதுவே குணமாக்கும்' என்று காத்திருத்தல் தகாது.

மற்றொரு சோதனையும் உண்டு. 'கோழிக்குப் பதில் பருப்பு, முட்டைக்குப் பதில் பன்னீர்' என்று நாமே மாற்றிக்கொண்டு, மருத்துவர் சொன்ன முறையில்தான் இருக்கிறோம் என்று நம்புவது. மாற்றிய பட்டியல் ஆய்வு செய்யப்பட்ட பட்டியல் ஆகாது. மாற்றம் இயலுமா என்று உணவியல் வல்லுநரிடம் வெளிப்படையாகக் கேட்பதே வாய்மை.

ஒரு குடும்பம், மருத்துவர் அறிவுரைப்படி வேறு வழிகள் பயன் தராத நிலையில், கண்ணீரோடு குழந்தைக்கு முட்டை கொடுக்கத் துணியுமாயின் என் சொல்வோம்? அவர்களைக் கோயில் வாயிலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இல்லை. நாம் ஐயமின்றி ஏற்கும் மருந்துகளின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்நோய்க்கு அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டில் பெரியோர்க்கும் 2006-ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கும் ஒப்புதல் பெற்ற இன்பிளிக்சிமாப் என்னும் ஊசி மருந்து, சுண்டெலியின் உயிரணுக்களைக் கொண்டு ஆக்கப்படுவது. அதனை நாம் மறுக்கச் சொல்லவில்லை. குழந்தைக்கு வேண்டுமெனில் ஏற்க வேண்டும் என்றே சொல்கிறோம். நம் கை முற்றும் தூயது என்னும் எண்ணம் மட்டும் வேண்டாம் என்பதே கருத்து.

இரு செருக்குகள்

உணவில் ஒழுக்கமுடைய சமூகத்திற்கு இரு செருக்குகள் எளிதில் வந்துவிடும். 'நம் உணவு தூய்மையானது. நமக்கு இந்நோய் வராது' என்பது ஒன்று. மரக்கறி உண்ணும் குடும்பங்களிலும் இந்நோய் வருகிறது. அவ்வாறு வந்தபோது, செருக்குடையார் முதலில் தேடுவது மருத்துவரையன்று. 'வெளியில் எதைத் தின்றாய்?' என்று குற்றவாளியைத்தான்.

'உணவால் தீரும் நோய்க்கு மருந்து எதற்கு?' என்பது மற்றொன்று. உணவுமுறை நோயை அடக்குகிறது, வேரோடு களைவதில்லை. எட்டு வாரம் முடிந்தபின் பலருக்கு நோய் மீளாமல் காக்கும் மருந்து தேவைப்படுகிறது. ஆசனவாய்ப் பகுதியில் புரையோடியவர்க்கும், நோய் கடுமையாக முற்றக்கூடிய அறிகுறி உள்ளவர்க்கும், தொடக்கத்திலேயே ஊசி மருந்து வேண்டியிருக்கும். அங்கே உணவை மட்டும் பற்றிக்கொண்டு நாள் கடத்தினால், குடல் சுருங்கி அறுவையில் முடியும். போன வளர்ச்சிப் பருவமும் திரும்பாது.

இம்சைக்கு நம் நூல்கள் கூறும் இலக்கணத்தில் உயிர்க்கு ஊறு செய்தல் மட்டும் இல்லை. அவ்வூற்றுக்கு மூலமான சோர்வும் மயக்கமும் முதலில் நிற்கின்றன. அறிந்துகொள்ளச் சோம்புதல், செருக்கால் கண்மூடல், ஊர்வாய்க்கு அஞ்சி மறைத்தல் ஆகியவற்றால் ஒரு குழந்தைக்கு ஊறு நேர்ந்தால் அதுவும் இம்சையே. எறும்புக்கும் வழிவிட்டு நடக்கக் கற்ற நாம், வீட்டுக்குள் இருக்கும் ஐந்தறிவையும் கடந்த உயிரை மறக்கலாகாது.

சுற்றத்தார் கடமை

இறுதியாக, பெற்றோரைத் தவிர மற்றையோர் செய்யத்தக்கது என்ன? ஆதிபகவன் நெடுநாள் உண்ணாதிருந்து பின் ஆகாரத்திற்கு எழுந்தருளியபோது, மக்கள் யானையும் குதிரையும் மணியும் பொன்னும் ஏந்தி எதிர்வந்தனர் என்று கேட்டிருக்கிறோம். அவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. எது தகும் என்ற அறிவுதான் இல்லை. சிரேயாம்ச மன்னன் அறிந்து அளித்ததோ கருப்பஞ்சாறு. அட்சய திருதியை நாளில் நாம் போற்றுவது அவ்வறிவையே.

நோயுற்ற குழந்தை உள்ள வீட்டிற்குச் செல்வோர் இதனை நினைவில் கொள்க. இனிப்புப் பொட்டலம் வேண்டாம். கதைப் புத்தகமோ வண்ணப் பென்சிலோ கொண்டு செல்லலாம். 'ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?' என்று கேட்க வேண்டாம். 'ஐயோ, என்ன பாவம் செய்ததோ!' என்று குழந்தை கேட்கச் சொல்லவும் வேண்டாம். தீபாவளி, பொங்கல் நாள்களில் உண்பதைச் சுற்றியே எல்லாம் அமைந்துவிடாமல், அக்குழந்தையும் முன்னிற்கக்கூடிய கோலம், விளக்கு, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றுக்கு இடம் தரலாம். பள்ளியில் ஆசிரியர், மதிய உணவு வேளையில் அப்பிள்ளையைத் தனியே அமர்த்தாமல், குவளையோடு நண்பர் நடுவே அமரச் செய்யலாம்.

வீட்டுப் பெரியோர் இன்னும் ஒன்று செய்யலாம். நோன்பு நோற்கும் பழக்கமும் உறுதியும் அவர்களிடம் உண்டு. அவ்வெட்டு வாரத்திற்குத் தமக்கு விருப்பமான ஒன்றைத் தாமே விட்டிருக்கலாம். ஒருவர் காப்பியை விடலாம். ஒருவர் அப்பளத்தை விடலாம். குறித்த காலத்திற்கு ஏற்பதனை நியமம் என்றும், ஆயுள் முழுவதும் ஏற்பதனை யமம் என்றும் நம் நூல்கள் பிரித்திருக்கின்றன, இது நியமம். குழந்தையிடம் சொல்லிக்காட்டாமலே செய்யலாம். அது தானே கண்டுகொள்ளும். அந்த வீட்டில் விரதம் என்று ஒன்று இருக்குமாயின், அது மனமுவந்து காப்பியை விட்டவருடையது. குழந்தை ஏற்பது மருந்து. விரதத்தைத் தமக்கும் மருந்தைக் குழந்தைக்கும் வைத்துக்கொண்டு, அம்மருந்தைக் காலத்தில், அளவோடு, உண்மை சொல்லி, அன்போடு அளிப்பதே இல்லறத்தார்க்கு உரிய அகிம்சை என்பது நம் துணிபு.

அறம் வளர்க.